விடுபட்ட பாதிப் பேர்

நாத்தனார் மகளின் காதுகுத்துக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பாவின் பையில் டயப்பர்களுக்கு அடியில் லேப்டாப்பை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். தாய்மாமன் மனைவியாகச் சீர்த்தட்டோடு போகிறவள் ஆபீஸ் வேலையோடு போய் இறங்கினால் என்ன பேச்சு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை எடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அரியலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பெரம்பலூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்குப் போய் வருகிறவள். பாப்பா பிறந்து ஒன்றேகால் வருடம் கழித்து மறுபடி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணவருக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. அவர் வீட்டிலிருக்கும் நேரம் அவர், இல்லாத நேரம் அடுத்த தெருக் காப்பகம் என்று பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் 'சரியாகத்தான் செய்கிறேனா?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்வேன். இறங்கும்போது இன்னொரு முறை. வேலையிலும் அப்படித்தான். ஒரு வரி எழுதினால் மூன்று முறை திரும்பிப் பார்ப்பேன்.

சின்ன வெங்காயம் பயிரிடுகிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழுவுக்கு எங்கள் கம்பெனி போன் சேவை செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. விதை வெங்காயம் வந்தாலும், பயிரில் திருகல் நோய் தென்பட்டாலும், மழை வருவதாக இருந்தாலும் உறுப்பினர்களுக்கு எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து போன் போகும். எடுத்தால் பதிவு செய்த குரல் ஒன்று பேசும். அந்தக் குரல் என்னுடையது. ஆபீஸில் எல்லாரும் பேசிப் பதிவு செய்ததில், என் குரலைத்தான் விவசாயிகள் கடைசி வரை கேட்டார்கள் என்று சார் சொன்னார். சார் என்றால் எங்கள் முதலாளி. மூன்றே பேர் இருக்கும் ஆபீஸில் முதலாளியும் அவர்தான், டீ வாங்கி வருவதும் அவர்தான்.

அந்த மாசியில் எல்லாரும் ஒரே சமயத்தில் வெங்காயத்தைப் பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கியதை இலைத்தாளோடு சில நாள் கொல்லையிலேயே, அதாவது வயலிலேயே காயப் போடுவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு மழை நனைத்துவிட்டால் போதும், அழுகல் விழுந்துவிடும். பிடுங்கிப் போட்டிருக்கும் உறுப்பினர்களின் பட்டியலைக் குழு அனுப்பியது. ஏறக்குறையக் குழு முழுவதும், நாலாயிரத்து இருநூறு பேர். அதற்கு முன்னால் எண்ணூறு பேருக்கு மேல் ஒரு பட்டியலும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை அதை ஏற்றிப் பார்த்தேன். ஒரு போன்கூடப் போகவில்லை. திரையில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது.

நாங்கள் டேட்டாபேஸோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஓ.ஆர்.எம். என்று ஒன்று இருக்கிறது. 'இந்தப் பட்டியலில் இருக்கிறவர்களைக் கொண்டு வா' என்று நான் ஒரே வரியில் எழுதினால், அது டேட்டாபேஸுக்குப் புரியும் கேள்வியாக அதை விரித்து எழுதிக் கேட்டு, பதிலையும் வாங்கி வரும். வசதிதான். ஆனால் என்னுடைய ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு நீளமான கேள்வி போகிறது என்பது என் கண்ணில் படாது. எங்கள் பழைய டேட்டாபேஸ் ஒரு கேள்விக்குள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது உறுப்பினர் எண்களுக்கு மேல் ஏற்காது. நானோ நாலாயிரத்து இருநூறு எண்களை ஒரே வாயில் திணித்திருந்தேன்.

சரி, பிரித்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். பட்டியலில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் 'அழைக்க வேண்டும்' என்று ஒரு குறி போட வைத்தேன். குறி இருக்கிறவர்களை உறுப்பினர் எண் வரிசைப்படி ஐநூறு ஐநூறாக எடுத்து, போன் போட்டு, எடுத்துப் பேசியவர்களின் குறியை அழித்துவிடச் சொன்னேன். முதல் ஐநூறு, அதற்கடுத்த ஐநூறு, அதற்கடுத்தது என்று கடைசி வரை. உண்மையான போன் போகாத, எல்லாரும் எடுத்ததாகவே வைத்துக்கொள்ளும் சோதனை முறையில் ஓட்டினேன். சிவப்பு வரவில்லை. 'முடிந்தது' என்று வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வீட்டில் பாப்பா தூங்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. சரியாகத்தான் போயிருக்குமா? எத்தனை பேருக்குக் குறி அழியாமல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டாயிரம். பிழை எதுவும் காட்டாமல், 'முடிந்தது' என்றும் சொல்லிவிட்டு, ஏறக்குறையப் பாதிப் பேரை அது விட்டிருந்தது. அதிலும் ஒரு கணக்கோடு விட்டிருந்தது. ஒரு ஐநூறு போயிருக்கும், அடுத்த ஐநூறு அப்படியே இருக்கும். அதற்கடுத்தது போயிருக்கும். சாயங்காலம் வரை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது.

அதனால்தான் லேப்டாப்பும் எங்களோடு பூலாம்பாடிக்கு வந்தது.

மண்டபத்தில் என் கணவர் மடியில் குழந்தையை வைத்து ஆசாரி காது குத்தி முடிக்கவும், என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கினேன்.

"ஏம்மா, எங்க இருக்க?" சார்தான்.

"பூலாம்பாடியில சார். காதுகுத்து."

"சாயங்காலம் மழைங்கிறாங்க. காத்தோட வருதாம். குழுவுலேர்ந்து ரெண்டு தடவை கூப்புட்டுட்டாங்க. அத்தனை பேரு வெங்காயமும் கொல்லையில கெடக்கு. ஒரு மணிக்குள்ள போன் போனாத்தான் மூணு மணிக்குள்ள மூடுவாங்க."

"சார், ஒரு சின்ன சந்தேகம்..."

"உன் சின்ன சந்தேகமெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லு."

சொன்னேன்.

"ரெண்டாயிரம் பேரு விட்டுப் போவுதா? பாதி ஊருக்குச் சொல்லி பாதி ஊருக்குச் சொல்லலைன்னா நாளைக்கு அந்தப் பக்கம் தலை காட்ட முடியுமா? அவங்க பொழப்பு என்னம்மா ஆவுறது? சரி, நாங்க ரெண்டு பேரும் கையாலயே ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சுப் பாக்குறோம். நீ அது ஏன் விட்டுப் போவுதுன்னு பாரு."

கையால் அடித்தால் ஒரு மணிக்குள் நூறு பேருக்குச் சொல்லலாம். மிச்சமிருப்பவர்கள்? மண்டபத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மாசி வெயிலில் மழையை யார் எதிர்பார்ப்பார்கள்?

"என்னடி, காதுலேர்ந்து போனை எடுக்கவே மாட்டியா? ஆசாரி ஊசியோடதான் நிக்கிறாரு, உனக்கும் சேத்துக் குத்திரப் போறாரு," என்றார் அண்ணி. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா, அந்த விசேஷத்தின் வீட்டுக்காரி. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் கண் என் தோளில் தொங்கிய கனமான பையின் மேல்தான் இருந்தது. "வேலை இருக்குன்னு எங்கயாவது போயிராத. பந்திக்கு ஆள் விடுற வேலை உனக்குத்தான். படிச்சவ, எண்ணி விடு. ஒரு பந்திக்கு எண்பது பேரு. போன விசேஷத்துல ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்தது போதும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வராது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து நின்றேன். வரிசை சுவரோரமாக நீண்டு நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். எண்பதாவது ஆள் நீல நிறத் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அதுவரை உள்ளே விட்டுக் கயிற்றைப் போட்டேன். உள்ளே இலையில் பரிமாறினார்கள். நான் பாப்பாவுக்கு ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டினேன். மனசுக்குள் அந்த வரிகளே ஓடின. முதல் ஐநூறு. அடுத்த ஐநூறு.

முதல் பந்தி எழுந்தது. அண்ணி உள்ளேயிருந்து கையைக் காட்டினார். நான் நேராகத் தண்ணீர் டிரம்முக்குப் போனேன். எண்பது பேர் இங்கேதானே முடிந்தார்கள், அடுத்தது இங்கிருந்துதானே?

"வாங்க, இங்கேர்ந்து வாங்க," என்றேன்.

வாசல் பக்கம் ஒரே சத்தம்.

"ஏம்மா புள்ள! அப்ப நாங்க என்ன அழகுக்கா நிக்கிறோம்?" என்றது ஒரு அம்மாள்.

"முன்னாடி நிக்கிறவனை விட்டுட்டு நடுவுல போயி ஆளு புடிக்குது பாரு," என்றார் இன்னொருவர்.

"மொத எண்பது பேரு ஆச்சுங்களே, அதான் அடுத்த எண்பது..."

"அந்த எண்பது பேரும் தின்னு முடிச்சுக் கையக் கழுவிட்டுப் போயாச்சு தாயி! வரிசை முன்னாடி நவுந்துருச்சு. இப்ப நாங்கதான் மொத ஆளு!"

நான் டிரம்மில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. அதேதான்! போன் போய்ச் சேர்ந்தவர்களின் குறியை அழித்துவிடுகிறேன். அவர்கள் வரிசையிலிருந்து போய்விடுகிறார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நகர்ந்துவிடுகிறார்கள். அது தெரியாமல் நான் மறுபடியும் வரிசையில் ஐநூறு பேரைத் தாண்டிப் போய் அடுத்தவர்களை எடுக்கச் சொல்கிறேன். தாண்டப்பட்ட அந்த ஐநூறு பேரும் சாப்பிடாதவர்கள்.

"சிரிக்கிது பாரு," என்றது அந்த அம்மாள்.

"மன்னிச்சுக்குங்க, நீங்கதான் மொத ஆளு. போங்க, போங்க," என்று கயிற்றை அவிழ்த்துவிட்டு, கணவரைத் தேடிப் பிடித்தேன். பட்டு வேட்டியில் மாலையோடு நின்றிருந்தார். அவர் கையில் கயிற்றைக் கொடுத்தேன்.

"நான் தாய்மாமன். என்னைப் போயி கயிறு புடிக்கச் சொல்ற?"

"எண்பது பேரு. வாசல்லேர்ந்து எண்ணுங்க. டிரம் கிட்டப் போயிராதீங்க."

மணமகள் அறையில் ஆள் இல்லை. பாப்பாவைத் தரையில் விட்டு, அவள் கையில் சீப்பைக் கொடுத்து, போனிலிருந்து இணையத்தை எடுத்து லேப்டாப்பைத் திறந்தேன். மாற்ற வேண்டியது ஒரே வரி. 'தாண்டாதே, எப்போதும் வரிசையின் தலையிலிருந்து ஐநூறு பேரை எடு' என்று எழுதினேன். ஓட்டு என்று அழுத்தக் கை போனது. நின்றது.

போன் அணைந்திருப்பவர்களை என்ன செய்வது? அவர்கள் எடுக்கவில்லை என்றால் குறி அழியாது. வரிசையின் தலையிலேயே நிற்பார்கள். சாப்பாட்டு வரிசையில் முன்னால் ஒருவர் 'என் பொண்டாட்டி வரட்டும்' என்று நகராமல் நின்றது நினைவுக்கு வந்தது. அப்படி ஐநூறு பேர் சேர்ந்துவிட்டால், திரும்பத் திரும்ப அவர்களுக்கே போன் போகும். பின்னால் இருப்பவர்களின் முறை வரவே வராது. சந்தேகப்படுகிற புத்தியை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். கடைசியாகப் போன் போட்டவரின் உறுப்பினர் எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கு மேல் இருப்பவர்களில் அடுத்த ஐநூறு பேரை எடுக்கும்படி மாற்றினேன். இனி யார் போனாலும், யார் நின்றாலும் இடம் தவறாது. எடுக்காதவர்களுக்கு முழுச் சுற்றும் முடிந்த பிறகு இன்னொரு சுற்று.

சோதனை முறையில் ஓட்டினேன். மிச்சம் எத்தனை? பூஜ்யம். எல்லாருக்கும் குறியை மறுபடி போட்டேன். ஜன்னலை மூடி, வெளிச்சத்தம் விழாதபடி போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு செய்தியைப் பதிவு செய்தேன். சாரைக் கூப்பிட்டேன்.

"அனுப்பவா சார்?"

"அனுப்பு."

"இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துட்டு..."

"ஏம்மா, மேகம் என்ன சோதிச்சுப் பாத்துட்டா வருது? அனுப்பும்மா!"

அழுத்தினேன். மணி பன்னிரண்டே முக்கால்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. சாம்பார் வாளி இரண்டாவது வரிசையைத் தாண்டும்போது ஒருவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். அவர் முடிக்கும் முன்னால் எதிர் வரிசையில் ஒன்று. மூலையில் ஒன்று. பிறகு ஒரே சமயத்தில் நாலைந்து. எச்சில் கையால் எடுக்க முடியாதவர்கள் ஸ்பீக்கரில் போட்டார்கள். 'வணக்கம்ங்க. இன்று மாலை காற்றோடு மழை வரும் என்று தெரிகிறது. பிடுங்கிய வெங்காயம் கொல்லையில் இருந்தால் மூன்று மணிக்குள் மூடிவிடுங்கள்' என்று என் குரல் கூடம் முழுக்க, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு பேசியது. எனக்கு முகம் சூடேறியது. ஓடிப் போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது, குதிக்கலாம் போலவும் இருந்தது.

கயிற்றைப் பிடித்தபடி என் கணவர் திரும்பிப் பார்த்தார். "உன் குரலா இது? வூட்டுல ஒரு நாள்கூட இவ்வளவு மரியாதையா பேசினதில்லையே!"

ஒருவர் இலையை மூடினார். பக்கத்தில் இருந்தவரும் மூடினார். வரிசையில் நின்றவர்கள் கயிற்றை விட்டு வாசலுக்கு ஓடினார்கள். வெளியே பைக்குகள் உறுமின. அண்ணி ரச வாளிக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரசமே இன்னும் ஊத்தல, எங்க எந்திரிக்கிறீங்க? பாயசம் இருக்கு! ஏங்க, யாரு என்ன சொன்னா?"

"அண்ணி, நான்தான்..." என்றேன். அவருடைய விசேஷத்தைப் பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். "மழை வருதுன்னு எல்லாருக்கும் போன் போட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை மாறிக்கொண்டே வந்தது. "மழையா? இன்னிக்கா? அடிப்பாவி, எங்க வெங்காயமும் ஒரு ஏக்கர் கெடக்குதுடி! அரும்பாவூர் ரோட்டுக் கொல்லையில! எனக்கு ஏன் போன் வரல? நானும் அந்தக் குழுவுலதான இருக்கேன்?"

அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டேன். அட்டையை எங்கே வைத்தார் என்று தேடி, பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். எட்டாவது ஐநூறு. சனிக்கிழமை விடுபட்டவர்களில் அந்த எண்ணும் ஒன்று.

"வரும் அண்ணி. கொஞ்சம் பொறுங்க, வரும்," என்றேன். வருமா? பூஜ்யம் என்றுதானே காட்டியது? வெள்ளிக்கிழமை 'முடிந்தது' என்றும்தானே காட்டியது? அண்ணி அதற்குள் அவர் கணவரை விரட்டிவிட்டிருந்தார். "தார்ப்பாயி மாட்டுக் கொட்டாயில இருக்கு, ஓடுங்க!" நான் மட்டும் அண்ணியின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாப்பா என் தாலிச்சரட்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

போன் அடித்தது.

அண்ணி காதில் வைத்துக் கேட்டார். முழுசாகக் கேட்டார். நான் எதிரிலேயே நிற்க, போனில் பேசிய என்னிடம் "சரிங்க, சரிங்க" என்று சொல்லி வைத்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாப்பாவும் காரணம் தெரியாமல் கை தட்டினாள்.

சார் கூப்பிட்டு, ஒரு சுற்று முடிந்தது, எடுக்காதவர்களுக்கு இரண்டாவது சுற்று ஓடுகிறது என்றார். "நாங்க கையால அடிச்ச ஆளுங்க எல்லாம் 'இப்பதாங்க ஒரு பொண்ணு சொல்லுச்சு'ங்கிறாங்கம்மா," என்றார். அவர் சிரிக்கிறது போனில் கேட்டது.

இரண்டரை மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மேற்கே மலை மேல் வானம் கறுத்துவிட்டிருந்தது. கொல்லைகளில் நீலமும் மஞ்சளுமாகத் தார்ப்பாய்கள் விரிந்துகொண்டிருந்தன. நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்து இழுத்தார்கள், பிள்ளைகள் கல் சுமந்தார்கள். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கணவரின் கையைப் பிடித்து, "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று காட்டினேன். அவர் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "பாத்துட்டேன், பாத்துட்டேன்" என்றார்.

அரும்பாவூர் தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்கு வழி விட பஸ் நின்றது. ரோட்டை ஒட்டிய கொல்லையில் சிவப்பாக வெங்காயம் பரந்து கிடந்தது. மூடவில்லை. ஒரு பெண் மட்டும் வரப்பில் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்து நின்றார். விட்டுப்போய்விட்டதா? பூஜ்யம் என்று காட்டியதே, இவர் எந்த எண்? போன் அணைந்திருந்ததா? பட்டியலிலேயே இல்லாதவரா?

"எல்லாரும் உங்க குழுவுல இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார் கணவர்.

அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டினேன். சந்தையில் கத்துவதுபோல் நான் அதற்கு முன் கத்தியதில்லை.

"அக்கா! மழை வருதுக்கா! வெங்காயத்தை மூடுங்க!"

அந்தப் பெண் திரும்பினார். பஸ்ஸையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரியும் போடி! அதான் போனு போட்டுச் சொன்னாங்களே! தார்ப்பாயி எடுத்தாரப் போன மனுசன் எங்க நின்னு கதை பேசுறாரோ! வழியில பாத்தீன்னா வெரசா வரச் சொல்லு!"

பஸ் முழுக்கச் சிரித்தது. பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில், பைக்கின் பின்னால் ஆளுயரத்துக்கு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். கண்டக்டரே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "யோவ், வெரசா போய்யா! அக்கா அங்க காத்துக்கிட்டு நிக்குது!"